மொதல்ல மாத்துச் சேலை, அப்புறம் விளக்கு

ராசா,

கம்பெனி வேனு இப்பத்தான் போச்சு. இனி அது திரும்புற வரைக்கும் தெருவுல கோழியும் நானுந்தான். மூச்சிழுப்பு இன்னைக்குக் கொஞ்சம் அடங்கிக் கெடக்கு, அதான் பேனாவ எடுத்துட்டேன். நான் படிச்சது வயசானவுகளுக்கு நடத்துன பள்ளிக்கூடத்துல, அதுலயும் பாதி நாள் தூங்கி விழுந்தேன். பேசுற மாதிரியேதான் எனக்கு எழுத வரும், சுத்தி வளச்சுத்தான் வருவேன், பொறுத்துக்க. போன்லயே சொல்லிறலாம். ஆனா நீ "சாப்டியா, மாத்திரை போட்டியா"ன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு "செல்விட்டக் குடு"ம்ப. காகிதத்துல அப்படிச் சொல்ல முடியாதுல்ல.

ஒங்கய்யா மொத தெவசத்துக்கு வர்றேன்னு ஒந்தங்கச்சிட்டச் சொன்னியாமே. கூடவே, "படத்துக்கு விளக்கு நானே ஏத்திக்கிறேன், அம்மா கை வைக்க வேண்டாம்"னும் சொன்னியாம். செல்வி அத எங்கிட்டச் சொல்லாம முழுங்கத்தான் பாத்தா. அவளுக்கு எங்க மறைக்கத் தெரியுது, சோத்தப் போட்டுட்டுக் கொழம்ப ஊத்தாம நிக்கிறா. கேட்டதுல எனக்குக் கோவம் வரல ராசா. அலுத்துப் போச்சு, அம்புட்டுத்தான். ஒரு வருசமா ஒன் மனசுல அது கெடக்குன்னு எனக்கும் தெரியும். ஒங்கய்யா தலைமாட்டுல எரிஞ்ச விளக்க நான் அணைச்சேன். ஒங்கத்தை ஒனக்குச் சொன்னது பொய் இல்ல. ஏன் அணைச்சேன்னுதான் அவுக சொல்லல, அவுகளுக்குத் தெரியவும் தெரியாது. அதச் சொல்லத்தான் இது. அதோட, நான் போனா நீ என்ன செய்யணும்ங்கிறதையும் சொல்லிர்றேன். ரெண்டும் வேற வேற பேச்சு இல்ல.

போறதப் பத்திப் பேசுறாளேன்னு மூஞ்சியச் சுளிக்காத. போன மாசம் சாத்தூர் டாக்டரு என் நெஞ்சுப் படத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. "எத்தன வருசம்மா வெடிமருந்துல வேல பாத்தீக"ன்னு கேட்டாரு. "கல்யாணத்துக்கு முந்தியே போனேன் சார்"ன்னேன். அதுக்கு அப்புறம் அவரு செல்வியப் பாத்துத்தான் பேசுனாரு, என்னைய நிமிந்தே பாக்கல. வெளிய வந்ததும் ஒந்தங்கச்சி எனக்கு வடை வாங்கிக் குடுத்தா. எண்ணெய்ப் பலகாரத்தத் தொடாதன்னு நெதம் ஏசுறவ, அவளாவே வடை வாங்கித் தாரான்னா என்னன்னு எனக்குத் தெரியாதா. நல்ல வடைதான், சூடா இருந்துச்சு. ரெண்டு தின்னேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். நான் வீட்டுல வச்சுப் போனேன்னா, ஆளாளுக்கு அழுக ஆரம்பிக்கிறதுக்கு முன்னால டாக்டரு யாரையாச்சும் கூட்டியாந்து பாக்கச் சொல்லு. எப்ப போச்சு, எதனால போச்சுன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிரு. ஒங்கய்யாவுக்கு நாங்க அதச் செய்யல. நாடி அடங்கிருச்சுன்னு எதுத்த வீட்டு ராக்கம்மா கையப் பிடிச்சுப் பாத்துச் சொன்னா, தாடையக் கட்டுனோம், கால் பெருவெரல ரெண்டையும் சேத்துக் கட்டுனோம், முடிஞ்சு போச்சு. பெறகு கிராம ஆபீஸ்ல பதியப் போனா, அங்கன இருந்த தலையாரி எத்தன மணிக்குப் போனாருன்னு கேட்டாரு. நான் ஒரு நேரத்தச் சொல்றேன், கூட வந்த ஒங்கத்தை வேற நேரத்தச் சொல்றாக. "ரெண்டு தடவையா தாயி போனாரு"ன்னு கேட்டுட்டாரு அந்த மனுசன். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. புருசன் செத்துப் பதினாறு கூட முடியல, ஆபீஸ் வாசல்ல சேலைத் தலைப்பக் கடிச்சுட்டு நின்னு சிரிக்கேன். ஒங்கத்தை மொறச்ச மொறப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது. ஆஸ்பத்திரில வச்சுப் போனேன்னா இந்தப் பாடு இல்ல, அவுகளே பதிஞ்சிருவாக, காகிதத்த எங்க போயி வாங்கணும்னு மட்டும் கேட்டுக்க. எப்படின்னாலும் மூணு வாரத்துக்குள்ள பதிஞ்சிரு, தாண்டிப் போச்சுன்னா அலைச்சல். ஆதார்ல பேரு எப்படி இருக்கோ அப்படியே எழுதச் சொல்லு. நகல் நாலஞ்சு சேத்தே எடுத்து வையி, பேங்குக்காரன் ஒண்ணு கேப்பான், கேஸ்காரன் ஒண்ணு கேப்பான், கரண்டு ஆபீஸ்ல ஒண்ணு கேப்பாக.

என் போன்ல இருக்க சிம்மக் கழட்டி எறிஞ்சிராதீக. ஒங்கய்யா போனதும், "செத்தவுக நம்பர்ல இருந்து மணி அடிச்சா மனசு தாங்காது"ன்னு செல்வி மாப்ள அந்த சிம்ம ஒடிச்சுப் போட்டாரு. நல்ல மனசுலதான் செஞ்சாரு. ஆனா பேங்குல எதத் தொட்டாலும், அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதப் பாத்துச் சொல்லுங்கங்கிறான். யாரு பாத்துச் சொல்றது. எனக்கு வர்ற முதியோர் பணத்த, நான் போனதும் தாலுகா ஆபீஸ்ல சொல்லி நிறுத்திரு. கார்டு கையில இருக்கேன்னு ஒரு மாசம் கூட எடுக்காதீக, பின்னால வந்து கேட்டா அவமானம். ரேசன் கார்டுல பேர எடுத்துரு. அரிசிப் பானைக்குள்ள, சாமி படத்துக்குப் பின்னாலன்னு எங்கயும் துழாவ வேண்டாம், காகிதம் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ள மஞ்சப் பையில இருக்கு. ஐஸ் பெட்டி எடுக்குறதுன்னா எடுங்க, நீ ஓசூர்ல இருந்து வர்ற வரைக்கும் நான் தாங்கணும்ல. ஆனா வயரு நல்ல வயரான்னு பாருங்க. போன வருசம் மேலத்தெருவுல கேதம் கேக்கப் போனவ ஒருத்தி பெட்டியத் தொட்டு ஷாக் அடிச்சு, செத்தவள விட்டுட்டு எல்லாரும் இவளுக்கு விசிறுனாக.

சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்றதுலதான் இருக்கு பெரிய பாடு. ஒந்தாய்மாமன், எங்கூடப் பொறந்தவன், அவன் கோடிச் சேலை கொண்டாராம என்னையத் தூக்க முடியாது. அவனுக்கு நீயே போன் போட்டு ஒன் வாயால சொல்லு, குரூப்புல படத்தப் போட்டுச் சொல்லிராத. ஒங்கய்யா படத்துக்கு மாலை வச்சு நீ போட்டப்ப அவன் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுட்டு இருந்தானாம். பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்து, "ஒங்க மச்சான் படத்துல மாலை கெடக்கு, இங்கன நீங்க மரத்துல கெடக்கீக"ன்னாளாம். இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காமிக்கிறான். ஆனா அவனுக்கும் முந்தி செல்வி இருக்கா. இங்கனதான் நீ கண்ண நல்லாத் தொடச்சுட்டுப் படிக்கணும்.

ஒனக்கு நம்மூரு கம்பெனி வழக்கம் தெரியாது. அதுக்கு ஒன்னையக் குத்தம் சொல்ல முடியாது. எம்மகன் காலு வெடிக் கம்பெனி வாசல மிதிக்கக் கூடாதுன்னு ஒங்கய்யா வைராக்கியமா இருந்தாரு. விருதுநகர் ஆஸ்டல்ல கொண்டி விட்டாரு. லீவுக்கு வந்தாலும் இங்கன வச்சுக்கிற மாட்டாரு, காரியாபட்டிக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிருவாரு. அவுகளுக்குக் காடு இருக்கு, வெங்காயம் இருக்கு, வெடிங்கிறது தீவாளிக்கு மட்டும் காதுல கேக்குற சாமான். நீ தப்பிச்ச. ஒந்தங்கச்சியத் தப்பிக்க விட எங்களுக்குத் தெம்பு பத்தல.

வழக்கம் என்னன்னா, கம்பெனில மருந்துக் கையோட இருக்க பொம்பளைக்கு வீட்டுல கேதம்னா, போன் போட மாட்டாக. அவ போனு அவட்ட இருக்காது, கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. ஆபீசுக்குப் போட்டும் சொல்லக் கூடாது. தெருக்காரி ஒருத்தி, அவளோட மாத்துச் சேலைய மடிச்சுப் பையில வச்சுட்டுக் கேட்டுக்குப் போவா. போர்மேன் காதுல மட்டும் சொல்லுவா. அவரு உள்ள போயி, கையில இருக்க வேலைய அவ பதமா கீழ வைக்கிற வரைக்கும் நின்னுட்டு, "ஒன்னையப் பாக்க ஆள் வந்திருக்கு, தொட்டிக்கு வாம்மா"ன்னு கூட்டியாருவாரு. தொட்டித் தண்ணில தல முழுகணும். மாத்துச் சேலையக் கட்டணும். ஒரு வாய்த் தண்ணி குடிக்கணும். அதுக்குப் பெறகுதான் யாருன்னு சொல்லுவாக. அந்தச் சேலையப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிரும், வீட்டுல யாரோ போயிட்டாகன்னு. யாருன்னுதான் தெரியாது. அதோடயே குளிப்பா. எங்கம்மா போனப்ப நானும் அப்படித்தான் குளிச்சேன். நீ அப்பக் கைப்பிள்ளை. தண்ணிய ஊத்த ஊத்த ஒவ்வொரு ஆளா நெனச்சு, இவுகளா இருக்கக் கூடாது, அவுகளா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன். கடைசில எங்கம்மான்னு சொன்னாக. அழுகுறதுக்கு முன்னால, அப்ப எம்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு மூச்சு விட்டேன் பாரு. அத இன்னைக்குத்தான் ஒருத்தர்ட்டச் சொல்றேன்.

இந்த வழக்கம் சும்மா வரல. மருந்துல கை வச்சிருக்கவட்ட எழவு சொன்னா கை நடுங்கும், கை நடுங்குனா தட்டு விழும். அவளோட போகாது, வேல பாக்குற கொட்டகை, செட்டும்பாக, அதோட போகும். நான் புதுசா வேலைக்குப் போன காலத்துல ஒரு எடத்துல அப்படி ஆச்சு. வெவரமாச் சொல்ல மனசு வரல. அந்தச் செட்டு இருந்த எடத்துல இப்பக் கருவேல மரந்தான் நிக்கிது. அது ஒரு பயம்னா, இன்னொரு பயம் வீட்டுல. சொன்ன ஒடனே அவ அப்படியே ஓடியாருவா. தலையில, சேலையில, எமையில எல்லாம் மருந்து அப்பிக் கெடக்கும். வீட்டுல தலைமாட்டுல விளக்கு எரியும், பத்தி பொகையும்.

ஒங்கய்யா அன்னைக்குக் காலையில கஞ்சி குடிச்சாரு. "ஊறுகா உப்புக் கெடக்கு"ன்னாரு. "கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்"ன்னாரு. அம்புட்டுத்தான். தம்பியப் பாக்கன்னு ஒங்கத்தை முந்துன நாளே வந்திருந்தாக, அவுகதான் விளக்க ஏத்துனாக. ராக்கம்மா நான் சொல்லாமலே கொடியில கெடந்த செல்வி சேலைய எடுத்து மடிச்சா. "நீ அழுதுட்டு இரு, நான் போயி அவளக் குளிக்க வச்சுக் கூட்டியாறேன்"னு மொபட்ட எடுத்தா. நான் ஒனக்குப் போன் போட்டேன். நீ கதறிட்ட. கொஞ்ச நேரம் கழிச்சு, "செல்விக்குச் சொல்லியாச்சா"ன்னு கேட்ட. ராக்கம்மா போயிருக்கான்னேன். "போன் எதுக்கும்மா இருக்கு, ஆள் போயித்தான் சொல்லணுமா"ன்னுட்டு வச்சுட்ட. கம்பெனி ஆபீஸ் நம்பர ஓசூர்ல இருந்துட்டு எப்படித்தான் பிடிச்சியோ. தீவாளி சீசன், ஆர்டர் நெருக்குது, போர்மேன் லோடு ஏத்துற பக்கம் போயிட்டாரு. ஆபீஸ்ல போன எடுத்தது புதுசா வந்த ஒரு பிள்ளை, வெளியூருக்காரி. ஒன் அழுகைய அவளால தாங்க முடியல. நேரா செட்டு வாசல்ல போயி நின்னு சொல்லிட்டா.

செல்வி பூச்சட்டிக்கு மருந்து அடைச்சுட்டு இருந்திருக்கா. கையில இருந்ததக் கீழ வச்சுட்டா. எப்படி வச்சேன்னு அவளுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியல. பக்கத்துல இருந்தவளுக இப்பவும் அதுக்குத்தான் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்காளுக. வச்சவ, தொட்டியத் தாண்டி, பின்வாசல் வழியா ரோட்டுக்கு ஓடி, பால்காரன் வண்டில ஏறிட்டா. ராக்கம்மா முன்வாசல்ல மாத்துச் சேலையோட நிக்கிறா.

வண்டிச் சத்தம் கேட்டு நான் தலையத் தூக்குனேன். வெயில்ல எறங்கி வர்றா ராசா, உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் வெள்ளியா மினுங்குறா. அலுமினியப் பவுடரு. கண்ணு ரெண்டுந்தான் கறுப்பு. "அய்யா, அய்யா"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுட்டு, நேரா அவரு மேல விழ வர்றா. அவரு தலைமாட்டுல ஒங்கத்தை அப்பத்தான் எண்ணெய் ஊத்தித் திரியத் தூண்டி விட்டிருக்காக, நல்லா நின்னு எரியுது. நான் திரிய வெரலால நசுக்கிட்டேன். பத்தியப் பிடுங்கிச் சொம்புத் தண்ணில முக்குனேன். முக்கிட்டு ஓடிப் போயி நடையில அவள மறிச்சேன். "விடும்மா, அய்யாவப் பாக்க விடும்மா"ன்னு திமிர்றா. கன்னத்துல ஒண்ணு வச்சேன். வச்சு, கொல்லைக்கு இழுத்துட்டுப் போயி, அவருக்குன்னு எடுத்து வச்சிருந்த தண்ணிய அவ தலையில கவுத்துனேன். சாம்பக் கலர்ல தரையெல்லாம் ஓடுது. ரெண்டு கொடம் ஊத்துன பெறகுதான் அவளுக்கு நெதானம் வந்துச்சு. தன் கையப் பாத்தா. என்னையப் பாத்தா. "உள்ள விளக்கு எரியுதாம்மா"ன்னு கேட்டா. இல்லன்னேன். அப்படியே ஈரத்துல ஒக்காந்துட்டா.

உள்ள ஒங்கத்தை ஆரம்பிச்சுட்டாக. "கட்டுனவளே விளக்க அணைச்ச கதைய எந்த ஊருலயாச்சும் கேட்டிருக்கீகளா. எந்தம்பி போற வழிய இருட்டாக்கிட்டாளே. பெத்த மகள அப்பன் மொகம் பாக்க விடாம அடிக்காளே." தெருக்காரிக அம்புட்டுப் பேருக்கும் ஏன்னு தெரியும், எல்லாம் மருந்துல கெடந்தவளுகதான். ஆனா செத்தவரு அக்கா ஒப்பாரி வைக்கிறப்ப யாரு குறுக்க பேசுறது. ராக்கம்மா திரும்பி வந்து, நனஞ்சு நின்ன செல்விக்கு அந்தச் சேலையச் சுத்தி விட்டா. சுத்திட்டு, "அந்த விளக்கு எரிஞ்சிருந்தா நீங்களும் தம்பி கூடவே போயிருப்பீக மதினி, பஸ் காசு மிச்சம்"ன்னா. "எழவு வீட்டுல என்ன பேச்சு பேசுறவ நீ"ன்னு ஒங்கத்தை அவளையும் சேத்து ஏசுனாக. காரியாபட்டியில இருந்து வந்தவுகளுக்கு அது எப்படிப் புரியும். அவுகள நீ வெறுக்காத. தாயில்லாத தம்பிய இடுப்புல தூக்கி வளத்தவுக. செல்வி வந்து அவரு காலடில ஒக்காந்த பெறகு, விளக்கத் திரும்ப ஏத்துனதும் நாந்தான். அத அவுக ஒனக்குச் சொல்லிருக்க மாட்டாக.

பொழுது சாயுறப்ப நீ வந்து எறங்குன. ஒங்கத்தை ஒன் கழுத்தக் கட்டிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீ என்னையத் திரும்பிப் பாத்த. நான் வாயத் தொறக்கப் போறேன், செல்வி என் கைய அமுக்கிட்டா. "அண்ணன்ட்டச் சொல்லாதம்மா. அவன் போன் போட்டுத்தான் நான் ஓடியாந்தேன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்." எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. கொள்ளி வைக்கப் போற கை, அது நடுங்க வேண்டாம்னு விட்டுட்டேன். பெறகு இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு போயிருச்சு. நீ ஒன்னையவே கோவிச்சுக்கிட்டுத் திரியிறதுக்கு என்னையக் கோவிச்சுக்கிட்டே இருந்துட்டுப் போன்னு கெடந்தேன். அப்படியே கெடந்துட்டுப் போயிருவேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் போறப்பயும் நீ ஓசூர்லதான் இருப்ப, அவ அந்தச் செட்டுலதான் இருப்பா. வேலைய விடுடின்னா தீவாளி முடியட்டும்ங்கிறா, தீவாளி முடிஞ்சா மாப்ள வண்டிக்கு லோடு இல்லைங்கிறா. நான் போயிட்டேன்னு ஒனக்கு யாராச்சும் சொன்னா, அடுத்தாப்புல நீ யாருக்குப் போன் போடுவ? சாகுறதுக்கு எனக்குப் பயம் இல்ல. இதுக்குத்தான்.

அதனால ராக்கம்மாவுக்குப் போடு. மாத்துச் சேலை போயிருச்சான்னு மட்டும் கேளு. அவ இல்லைன்னா தெருவுல யாருக்கு வேணும்னாலும் போடு, அந்த ஒரு வார்த்தையக் கேட்டாலே போதும், எல்லாருக்கும் வெளங்கிரும். டிரங்குப் பெட்டில மஞ்சப் பைக்கு மேல ஒரு ஊதாச் சேலை மடிச்சு வச்சிருக்கேன், செல்விக்குப் பிடிச்ச கலரு, அதத்தான் கொண்டு போகணும். ராக்கம்மாட்டக் காட்டிட்டேன். "எனக்கு முந்தி நீ போயிருவன்னு ஒனக்கு யாரு சொன்னா"ன்னு கேக்கா. அப்புறம், எனக்கு வேட்டுப் போட வேண்டாம். கம்பெனிக்காரவுக பாசமா அட்டப்பெட்டியோட குடுப்பாக, மாப்ள வாங்கிருவாரு. வேண்டாம்னு சொல்லிரு. எம்புட்டோ அடைச்சாச்சு, போறப்பக் காது சும்மா கெடக்கட்டும்.

தெவசத்துக்கு வா. விளக்க நீயே ஏத்து, எனக்கு வருத்தம் இல்ல. தீப்பெட்டியக் கையில எடுக்குறதுக்கு முன்னால, "செல்வி குளிச்சுட்டாளா"ன்னு ஒரு வார்த்தை கேளு. நீ இதப் படிச்சுட்டன்னு நான் தெரிஞ்சுக்கிடுவேன், வேற ஒண்ணும் நம்ம பேச வேண்டாம். நான் போற அன்னைக்கும் அதே மாதிரிதான். ஒங்கத்தை வந்து, இன்னும் விளக்கு வைக்கலையான்னு சத்தம் போடுவாக. போடட்டும். அவ ஊதாச் சேலையும் ஈரத் தலையுமா வந்து வாசல்ல நிக்கிற வரைக்கும் ஏத்தாத. அது வரைக்கும் நான் விளக்கு இல்லாமலே கெடந்துக்கிடுறேன்.